ஆன்கால் டாக்டரும் டிரையத்லானும்

(நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மருத்துவமும் விளையாட்டும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது மிகப் பெரிய தலைப்பு. அப்படியே பேசினால் பின்வரிசையில் சிலர் கண்ணயர்ந்துவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் இரவு பகலாக ஆன்கால் பார்க்கும் ஒரு டாக்டர், இந்தத் தோட்டச் சாலைகளையும் போர்ட்டிக்சன் கடலையும் வைத்துக்கொண்டு தன் முதல் டிரையத்லானை முடிக்க முடியுமா?

முடியும். ஆனால் பலரும் நினைக்கிற வழியில் அல்ல. "நேரம் கிடைக்கவில்லை" என்றுதான் டாக்டர்கள் நாங்கள் எல்லாரும் சொல்வோம். அது பொய்யில்லை. ஆனால் டாக்டருக்கு நேரத்தைவிட அதிகமாகக் குறைவது தூக்கம். இதை ஒப்புக்கொள்ளாமல் பயிற்சியைத் தொடங்குகிறவர் போட்டிக்குப் போவதற்குள் படுத்துவிடுவார். இல்லையென்றால் அதைவிட மோசமான இடத்துக்குப் போவார்.

டிரையத்லான் என்ன என்று கேட்கிற பாட்டிகளுக்காக ஒரு வார்த்தை. முதலில் தண்ணீரில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். இடையில் உடை மாற்றினாலும் சப்பாத்து மாட்டினாலும் கடிகாரம் நிற்காது. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் இந்தப் பெயரில் முதல் போட்டி நடந்தது. 1978 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். நம் லங்காவிக்கும் 2000-ஆம் ஆண்டு அயர்ன்மேன் வந்தது. ஒலிம்பிக்கில் டிரையத்லான் நுழைந்ததும் அதே ஆண்டில், சிட்னியில். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கிலோமீட்டர். அதில் பாதிதான் ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். வேலையில் இருக்கிற டாக்டருக்கு முதல் போட்டியாக இந்த ஸ்பிரிண்டைத்தான் சொல்வேன். முதல் முறையே அயர்ன்மேன் என்று கிளம்புகிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

மருத்துவமும் விளையாட்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே, நம் இனத்திலேயே ஒருவர் இருக்கிறார். டாக்டர் மணி ஜெகதீசன், 1943-இல் கோலகங்சாரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. சிங்கப்பூரில் மருத்துவம் படித்த காலத்திலேயே ஓடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம். 1966 பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். பத்திரிகைகள் அவருக்குப் பறக்கும் டாக்டர் என்று பெயர் வைத்தன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017-இல் கைருல் ஹபீஸ் ஜந்தான் 20.90-இல் முறியடித்தார். 49 ஆண்டுகள்! இங்கே உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களில் பலருடைய பெற்றோர்கூட அந்தச் சாதனை ஏற்பட்டபோது பிறந்திருக்க மாட்டார்கள்.

மெக்சிகோவுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டத்தை நிறுத்தினார். மருத்துவத்துக்குத் திரும்பினார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றி, சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். விளையாட்டு மருத்துவத்திலும் ஊக்கமருந்து ஒழிப்பிலும் ஆசிய அளவில் பொறுப்பு வகித்தார். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்த காலமும் உண்டு, ஒன்றை இறக்கிவைத்த காலமும் உண்டு. நம் மேடைகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் ரோஜர் பானிஸ்டர். 1954 மே 6-ஆம் தேதி ஒரு மைலை முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியவர். அப்போது அவர் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மாணவர். அன்று காலையும் மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். அவருடைய பயிற்சி பெரும்பாலும் மதிய உணவு இடைவேளையில் நடந்தது. குறைந்த நேரம், அதில் வேகமான ஓட்டம், பிறகு மறுபடி வார்டு. பிற்காலத்தில் நரம்பியல் நிபுணராகப் பெயர் பெற்றார்.

இந்த இரண்டு பேரையும் காட்டி, "அவர்களால் முடிந்தது, உனக்கு ஏன் முடியாது?" என்று ஒரு பயிற்சி மருத்துவரைக் கேட்பது நியாயமில்லை. 2008 முதல் நம் நாட்டில் ஹவுஸ்மன்ஷிப் இரண்டு ஆண்டு. 2016 டிசம்பரிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத கவலை வேறு. 2021 ஜூலை 26-ஆம் தேதி அந்த இளம் டாக்டர்கள் கறுப்பு உடையணிந்து மருத்துவமனை வாசலில் நின்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஹவுஸ்மன்ஷிப் முடிந்து மெடிக்கல் ஆபீசர் ஆனதும் ஆன்கால். காலையில் வார்டுக்குள் போகிறவர் மறுநாள் மதியம் வெளியே வருவார், முப்பது மணி நேரம் சாதாரணமாகத் தாண்டும். நடுவில் ஒரு மணி நேரம் படுத்தால் அதிர்ஷ்டம்.

ஆக, பயிற்சி அட்டவணையைத் தொடங்க வேண்டியது இங்கேதான். ஆஸ்திரேலியாவில் 1997-இல் ஒரு சோதனை செய்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதைப் போலக் குறைந்திருந்தன. 24 மணி நேரமானால் 0.10 விழுக்காடு. 2005-இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நீண்ட ஷிப்ட் முடித்து வீடு திரும்பும்போது அவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இதை இந்த மண்டபத்துப் பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆன்கால் முடித்த கையோடு சைக்கிள் ஏறுகிற டாக்டரும், அந்தக் காலத்தில் சம்பள நாளன்று கள்ளுக்கடையிலிருந்து சைக்கிள் ஏறிய தாத்தாவும் ஒன்றுதான். தாத்தாவுக்காவது எதிரே வந்தது மாட்டு வண்டி. டாக்டருக்கு எதிரே வருவது செம்பனைக் குலை ஏற்றிய லோரி.

அதனால் மாணவர்களே, ரோஸ்டர் கைக்கு வந்ததும் முதலில் ஆன்கால் நாட்களை அடித்துவிடுங்கள். அன்று பயிற்சியே கிடையாது. அடுத்த நாளையும் அடித்துவிடுங்கள். அன்று தூக்கம்தான் பயிற்சி. மாலையில் எழுந்து உடம்பு கேட்டால், நீச்சல் குளத்தில் மெதுவாக ஓர் அரைமணி நீந்தலாம். நீச்சலை அந்த நாளில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டுக்குப் பாரமில்லை, லோரியில்லை, கரையில் லைஃப்கார்டு இருப்பார். மிச்சம் இருக்கிற நாட்களில்தான் ஓட்டமும் சைக்கிளும். வாரத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம் கிடைத்தால் ஸ்பிரிண்ட் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். விட்டுப்போன பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யக்கூடாது. விட்டது விட்டதுதான். டாக்டர்களுக்கு இது கசக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே விட்ட பாடத்தை இரவு விழித்துப் படித்து முதல் மாணவராக வந்தவர்கள் நாங்கள். உடம்பு அப்படித் தேர்வு எழுதாது. பயிற்சி செய்யும்போது தசை பலப்படுவதில்லை, தேய்கிறது. அதற்குப் பிறகு தூங்கும்போதுதான் அது தன்னைச் சரிசெய்துகொண்டு பலமாகிறது. தூக்கமில்லாத பயிற்சி வெறும் தேய்மானம்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்ட பெரட்டு நேரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது இங்கே சூரியன் உதிப்பது காலை ஏழு மணியை ஒட்டி. வார்டில் வேலை தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஐரோப்பாவில் எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்கள் விடியற்காலை வெளிச்சத்தில் வேலைக்கு முன் சைக்கிள் ஓட்டச் சொல்லும். நெகிரி செம்பிலான் டாக்டருக்கு வேலைக்கு முன் இருப்பது இருட்டு மட்டுமே. மாலையில் ஏழேகால் வரை வெளிச்சம் உண்டு, ஆனால் அது மழை நேரம்.

இந்த இருட்டு நேரத்தை எங்களுக்கு முன்னால் கண்டவர்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பர் மரத்தின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன் அதிகம், வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். அன்றாட வேலையே அவருக்குப் போதுமான பயிற்சியாக இருந்தது. அதற்குப் பதக்கம் யாரும் தரவில்லை என்பது வேறு விஷயம்.

இருட்டில் தோட்டச் சாலை எல்லாருக்கும் ஒன்றல்ல. ஓர் ஆண் டாக்டர் ஐந்தரை மணிக்குத் தனியாகச் செம்பனைக்குள் ஓடலாம், பாம்பையும் காட்டுப்பன்றியையும் நாயையும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு பெண் டாக்டரிடம் அதே அறிவுரையைச் சொல்ல எனக்கு வாய் வராது. இன்று மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள்தான் அதிகம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. வீட்டுக்குள்ளேயே பின்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி மிதிக்கிற வசதி இருக்கிறது. குழுவாகப் போகிற வழியும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால்தான் இரண்டுமே நடக்கும். மனைவி பயிற்சிக்குப் போகும்போது கணவர் சமைத்தால் அந்த வீட்டில் டிரையத்லான் சாத்தியம். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. தாய்மார்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பிரேக், முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம் இருந்தால் முதல் போட்டிக்குப் பழைய சைக்கிளே போதும். பத்தாயிரம் ரிங்கிட் சைக்கிள் வாங்கினால்தான் வேகம் வரும் என்று சொல்கிறவர் அந்தக் கடைக்காரராக இருப்பார். தோட்டத்துக்குள் மிதிப்பதானால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். குலை ஏற்றுகிற நேரத்தில் போகாதீர்கள். ஏற்றம் பழக வேண்டுமென்றால் சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலை இருக்கிறது. புதிய சாலை வந்த பிறகு அதில் வாகனம் குறைவு. நீண்ட தூரத்துக்கு ரந்தாவ், சிலியாவ், லிங்கி வழியாகக் கடற்கரை வரை போகலாம். புக்கிட் பெலாண்டோக் பக்கமும் போகலாம். 1998, 99-இல் நிப்பா வைரஸ் பரவியது அங்கேதான். அந்த வைரஸுக்குப் பெயர் கொடுத்ததே சுங்கை நிப்பா கிராமம். அந்தச் சாலையில் போகிற எந்த டாக்டரும் அதை நினைக்காமல் போக மாட்டார்.

நான் அதிகம் பேச விரும்புவது தண்ணீரைப் பற்றி. நம் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும், சைக்கிள் தெரியும். நீச்சல் தெரிந்தவர் குறைவு. தோட்டத்தில் குளம் கட்டிக் கொடுத்தவர் யார்? ஆற்றிலும் பழைய ஈயக் குட்டையிலும் விழுந்து பழகினவர்கள் கொஞ்சம் பேர். அப்படிப் பழகப்போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. அதனால் வளர்ந்து டாக்டரான பிறகும் பலருக்குக் கடல் என்றால் முழங்கால் வரைதான்.

பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயநிறுத்தங்களையும் தொகுத்தார்கள். மொத்தம் 135. அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் இதயத்தில் குறிப்பிடத்தக்க கோளாறு இருந்தது. அதாவது வெளியே நன்றாக இருந்த நடுத்தர வயது ஆண்கள். நம் டாக்டர்கள் பலரும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பதால் பீதி வேண்டாம். ஆனால் நாற்பது தாண்டியவர், குடும்பத்தில் மாரடைப்பு உள்ளவர், சர்க்கரை உள்ளவர், இதயத்தைப் பார்த்துக்கொள்ளாமல் கடலில் இறங்க வேண்டாம். தனக்குத்தானே வைத்தியம் பார்த்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொள்ளவும் வேண்டாம். இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

குளத்தில் 750 மீட்டர் நீந்துகிறவர் கடலில் 200 மீட்டரில் மூச்சுத் திணறுவார். அடியில் கறுப்புக் கோடு இல்லை, பிடிக்கச் சுவர் இல்லை, பக்கத்தில் நீந்துகிறவரின் கால் முகத்தில் படும். பல ஆண்டுகளாக டிரையத்லான் நடந்துவரும் கடற்கரை போர்ட்டிக்சன். அங்கே பழகுவதில் ஒரு லாபம், போட்டி நாளன்று புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் தனியாக இறங்கக்கூடாது. வெளிர் நிறத் தொப்பியும் இழுவை மிதவையும் அவசியம். விடுமுறை நாட்களில் வாழைப்படகும் ஜெட்ஸ்கியும் திரியும் பகுதியை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்துங்கள். ஜெல்லி மீன் பட்டால் கரைக்கு வந்துவிடுங்கள். முதல் போட்டியில் முன்வரிசையில் நிற்காதீர்கள். நான் பின்வரிசையில் ஓரமாக நின்று கிளம்பினேன். ஒரு நிமிடம் நஷ்டம், மனம் மட்டும் அமைதியாக இருந்தது.

ஆறும் ஏரியும் வேறு கதை. 1998-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பிறகு நூற்றுக்கு நெருக்கமானவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். எலிக்காய்ச்சல். போட்டிக்கு முன் பெய்த கனமழை விலங்குகளின் சிறுநீரை ஏரியில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. 2000-ஆம் ஆண்டு நம் சபாவில், சிகாமா ஆற்றைக் கடந்த சாகசப் போட்டியாளர்களுக்கும் அதுவே. செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு தோட்டத்து ஓடையிலோ தேங்கிய குட்டையிலோ நீச்சல் பழகாதீர்கள். பழகி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்று நினைத்துக்கொண்டு நாள் கடந்துவிடும்.

வெயிலுக்கு இரண்டு வார்த்தை. தண்ணீர் குடிக்காதது மட்டும் ஆபத்தில்லை, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் அளவுமீறிக் குடித்ததே பெரும்பாலும் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும். ஓட்டத்தில் ஒருவர் குழறிப் பேசி விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி. புகைமூட்டக் காலத்தில் வெளியே பயிற்சியே வேண்டாம்.

இவ்வளவும் டாக்டர்களுக்குச் சொன்னது. தோட்டத்துக்காரர்களுக்கு இதில் என்ன என்று ஒரு பெரியவர் நுழையும்போதே கேட்டார். பதில் இதுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். பால் வெட்டிய தலைமுறை நடந்தது, குனிந்தது, தூக்கியது. அவர்களுடைய பிள்ளைகள் காவலாளிக் கூண்டிலும் தொழிற்சாலை நாற்காலியிலும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், சாப்பாடு மட்டும் பழைய அளவில். ஆன்கால் டாக்டருக்குச் சொன்ன அதே விதி இரவு ஷிப்ட் பார்க்கிற உங்கள் மகனுக்கும் பொருந்தும். முதலில் தூக்கம், பிறகு அன்றாடம் ஓர் அரைமணி வேகமான நடை. அவருக்கு டிரையத்லான் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மருத்துவமனைகளில் ரோஸ்டர் போடுகிற மூத்த டாக்டர்கள் இருவர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். ரோஸ்டரை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். இளம் டாக்டர்கள் வேறு சலுகை கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே தாதியர் மேசை போட்டிருக்கிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஆண்கள் முதலில் போகட்டும்.